வடை சுடும் வேட்பாளரை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள்?

கல்லுக்கட்டி கேமராக்காரன்:

காரைக்குடியில் சின்னதாக ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சாந்தி என்கிற அறுபதாம் கல்யாணம், காதுகுத்து, வீடு குடிபோவது என்று வருஷம் ஓடும். தேர்தல் வந்தால் வேட்பாளர் வீடியோ. 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் ஒரு வார்டுக்கு எடுத்துக் கொடுத்தேன். அது நன்றாக வந்ததால் அதற்கப்புறமும் கூப்பிடுகிறார்கள். எந்தக் கட்சி, எந்த வேட்பாளர் என்று மட்டும் கேட்காதீர்கள். எனக்கு எல்லாருமே வாடிக்கையாளர்கள்.

என் சந்தேகத்தைச் சொல்வதற்கு முன்னால், டீக்கடையில் வேட்பாளர் வடை சுடும் காட்சி எப்படி எடுக்கப்படுகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே கடைக்காரரிடம் பேசிவிடுவோம். காலையில் கூட்டம் வருவதற்கு முன் மாஸ்டர் மாவை ஆட்டி, வாழையிலையில் வடையைத் தட்டித் தயாராக வைத்திருப்பார். வேட்பாளர் தட்டினால் ஓட்டை நடுவில் வராது. அடுப்பைக் குறைத்து எரிய விடச் சொல்வோம், இல்லாவிட்டால் எண்ணெய் வெள்ளை வேட்டியில் தெறிக்கும். காரில் இன்னொரு சட்டை இஸ்திரி போட்டு இருக்கும். ஜல்லிக்கரண்டியை எந்தக் கையில் பிடிப்பது, முழுக்கைச் சட்டையை எத்தனை மடிப்பு மடிப்பது எல்லாம் பேசி வைத்ததுதான். முதல் வடையை வாங்கிக்கொள்ளும் பாட்டி யார் என்பது வட்டச் செயலாளர் பார்த்துக்கொள்ளும் வேலை. சுற்றி நிற்கும் கட்சிக்காரர்களுக்கு ஒரே ஒரு கட்டளை, கேமராவைப் பார்க்கக் கூடாது. அதைத்தான் அவர்களால் செய்யவே முடியாது.

அப்புறம் எங்கள் கைவேலை. ஆடாமல் எடுத்தால் நகைக்கடை விளம்பரம் மாதிரி தெரியும். அதனால் கிம்பலைக் கழற்றி வைத்துவிட்டுக் கையிலேயே எடுப்போம். ஓரிடத்தில் ஃபோகஸ் தவறினால் வெட்ட மாட்டோம். பின்னணி இசையைக் குறைத்து, கடையில் கிளாஸ் கழுவும் சத்தத்தை ஏற்றுவோம். ‘தற்செயலாக எடுத்தது’ மாதிரி இருக்க வேண்டும் என்றுதான் எல்லா வேட்பாளரும் கேட்கிறார்கள். அந்தத் தற்செயலுக்கு எனக்கு ஒரு பகல், ஒரு ராத்திரி வேலை.

இப்போது விஷயம். ஒரு தடவை மாஸ்டர் அடுப்பைக் குறைக்க மறந்துவிட்டார். வேட்பாளர் வடையைத் திருப்பியதும் எண்ணெய் புறங்கையில் தெறித்தது. “ஆத்தீ!” என்று கரண்டியை விட்டுவிட்டார். பின்னால் நெருக்கிக்கொண்டு நின்றவரை “எருமை, தள்ளி நில்லுடா!” என்று திட்டினார். மாஸ்டர் பதறிப்போய், கையிலிருந்த வடை மாவை அப்படியே எடுத்து அவர் கையில் அப்பிவிட்டார். ஒரு நொடி எல்லாரும் உறைந்து நின்றார்கள். அப்புறம் அவரே சிரித்துவிட்டார். எங்கள் கேமராவில் அது வீணான ஷாட். ஆனால் பக்கத்தில் நின்ற ஒரு பையன் போனில் எடுத்து வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டான்.

நான் ராத்திரி முழுக்க உட்கார்ந்து செய்த வீடியோவைக் கட்சிக்காரர்கள் தவிர யாரும் பகிரவில்லை. மாவு அப்பிய கை செஞ்சை, கழனிவாசல், கோட்டையூர் என்று சுற்றி வந்து கடைசியில் என் அப்பத்தா போனுக்கே வந்தது. “எதார்த்தமான மனுசனா இருக்காரே” என்றார் அப்பத்தா. அதுவரை அந்த ஆளின் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

அதோடு முடியவில்லை. ரெண்டு நாள் கழித்து வேட்பாளரின் உதவியாளர் கூப்பிட்டார். “தம்பி, கண்டனூர்ல எடுக்கும்போதும் கையில எண்ணெய் தெறிக்கிற மாதிரி பண்ணிடலாமா?” எண்ணெய்க்குப் பதிலாகக் கையில் தண்ணீரைத் தெளித்து எடுத்தோம். அவர் “ஆத்தீ” என்றார். வடை மாவும் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், ஆனால் அவரோடு சேர்ந்து சிரிக்கவில்லை.

அதே ஆள், அதே வார்த்தை, அதே மாவு. முதலில் நம்பிய ஜனம் ரெண்டாவதில் எதைக் கண்டுபிடித்தது? முதல் வீடியோவைப் பார்த்து வந்த நம்பிக்கை ஓட்டாக மாறுமா, இல்லை நாலு நாள் சிரிப்போடு போய்விடுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ‘மக்கள் முட்டாள்கள்’ என்று ஒரு வரியில் பதில் போடுகிறவர்கள் தயவுசெய்து அடுத்த இழைக்குப் போய்விடவும்.

---

புதுவயல் அக்கா:

தம்பி, நீங்கள் கேமராவுக்குப் பின்னால் நிற்கிறீர்கள், நாங்கள் ஆரத்தித் தட்டோடு முன்னால் நிற்கிறோம். வடை சுடுவது நடிப்பு என்று எங்களுக்குத் தெரியாதா? ஆரத்தி எடுப்பதும் நடிப்புதான். தட்டில் எவ்வளவு விழும் என்று எங்களுக்குத் தெரியும், எதற்காகப் போடுகிறார் என்று அவருக்கும் தெரியும். இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை.

நாங்கள் பார்ப்பது வேறு. வேட்பாளர் தெருவுக்குள் வரும்போது பின்னால் ஒருத்தர் காதில் ஓதிக்கொண்டே வருவார். “இது மில்லுல வேலை பார்க்கிற அக்கா, இவங்க வீட்டுக்காரர் தவறிட்டார்.” உடனே வேட்பாளர் முகத்தைத் தொங்கப்போட்டு, “அண்ணன் தவறினதைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டேன்மா” என்பார். அந்தக் காது ஓதுகிற ஆள் யார் என்று பார்ப்போம். அவர் ஒழுங்கானவர் என்றால் கொஞ்சம் நம்பிக்கை. அவரே ரேஷன் கார்டுக்குக் காசு கேட்டவர் என்றால் வேட்பாளர் காந்தியே ஆனாலும் சந்தேகம்தான்.

இன்னொன்று, டிரைவர். எங்களிடம் கை குலுக்கிவிட்டுக் காருக்குள் ஏறியதும் ஒரு வேட்பாளர் பாட்டிலை எடுத்துக் கையைக் கழுவினார் என்று அவர் டிரைவர் டீக்கடையில் சொன்னார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. வெயிலில் அத்தனை பேர் கையைப் பிடித்தால் கழுவத்தான் தோன்றும், அதைத் தப்பென்று சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் முன்னாலேயே தண்ணீர் கேட்டுக் கழுவியிருந்தால் யாரும் ஒன்றும் நினைத்திருக்க மாட்டோம். கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கழுவியதுதான் உறுத்தியது.

ஓட்டாக மாறுமா என்று கேட்டீர்களே. ஒரு உள்ளாட்சித் தேர்தலில் ஒருத்தர் வந்தார். சிரிக்கவே தெரியாத முகம். தண்ணீர்க் குழாயைப் பற்றிக் கேட்டோம். “பைப் பூரா மாத்தணும், என் ஒருத்தனால ஒரு வருசத்துல முடியாது. லாரித் தண்ணி ஒழுங்கா வர்றதுக்கு மட்டும் நான் பொறுப்பு” என்றார். எங்கள் குழுவில் எல்லாரும் “உண்மையைச் சொல்றார்” என்றார்கள். நான் அவருக்குத்தான் போட்டேன். உண்மையைச் சொல்கிறார் என்று சொன்ன அதே ஆட்களில் பாதிப்பேர், முடியாது என்பவருக்கு எதற்கு ஓட்டு என்று எதிராளிக்குப் போட்டுவிட்டார்கள். நம்புவது ஒன்று, ஓட்டுப் போடுவது வேறொன்று தம்பி.

---

பள்ளத்தூரான், துபாயிலிருந்து:

அக்கா சொல்கிற டிரைவர் கதையெல்லாம் ஊரில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும். எனக்கு வேட்பாளர் என்றால் ஊர் குரூப்பில் வரும் வீடியோதான். வெளிநாட்டு வாக்காளராகப் பதிந்தாலும் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். நான் லீவு கிடைத்து வருவதற்குள் மனசில் முடிவு பண்ணியாகிவிடும், அதுவும் இந்த மாதிரி மாவு வீடியோவை வைத்து.

ஒரு வீடியோ மட்டும் மறக்க முடியாது. வெளியூர் வேட்பாளர், ‘நம்ம ஊர்ப் பிள்ளை’ என்று காட்டுவதற்காகக் கானாடுகாத்தான் பக்கம் ஒரு பெரிய வீட்டு முகப்பில் உட்கார்ந்து பேசினார். ஆத்தங்குடித் தரை, தேக்குத் தூண், பின்னால் பழைய போட்டோக்கள். குரூப்பில் முதல் கமெண்ட்: “இது யார் வீட்டு ஐயா போட்டோ?” அந்த வீட்டைப் படப்பிடிப்புக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். அவர் பேசியது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை. கேமராக்காரரே, அதை எடுத்தது நீங்கள் இல்லையே?

---

செஞ்சை மாணவி:

கேமராக்கார அண்ணே, நான் முதுகலையில் கிட்டத்தட்ட இதே தலைப்பில்தான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வடைக் கதையை வைத்தே சொல்கிறேன்.

சைமன் லுப்கே, இனெஸ் எங்கல்மன் என்ற இரண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள், ஓர் அரசியல்வாதியை ‘இவர் நிஜமானவர்’ என்று ஜனங்கள் கருதுவதை அளப்பதற்கு ஓர் அளவுகோல் செய்திருக்கிறார்கள். அதில் மூன்று கூறுகள் வருகின்றன. ஒன்று, நம்மைப் போல சாதாரண ஆளாகத் தெரிவது. இரண்டு, சொல்லும் செயலும் இன்றைக்கும் நாளைக்கும் ஒன்றாக இருப்பது. மூன்று, ஒத்திகை பார்க்காமல் அந்த நேரத்தில் தோன்றியதைப் பேசுவது, செய்வது.

எண்ணெய் தெறித்த வீடியோவில் ஒன்றும் மூன்றும் கொட்டிக் கிடக்கின்றன. “ஆத்தீ” என்பதை யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எருமை என்று திட்டியதுகூட அவருக்குச் சாதகமாகத்தான் போயிருக்கிறது. நல்ல பெயர் எடுக்க நினைத்து நடிப்பவர் திட்ட மாட்டார் என்று பார்ப்பவர் மனசு கணக்குப் போடுகிறது. ரெண்டாவது தடவை அந்த மூன்றாவது கூறு செத்துவிட்டது. அது போனதும் முதலாவதும் சேர்ந்து போய்விட்டது, ஏனென்றால் சாதாரண ஆள் யாரும் தண்ணீரைத் தெளித்து அலற மாட்டார். ரெண்டாவது கூறு இந்த இரண்டு வீடியோவிலுமே கிடையாது, எந்த வீடியோவிலும் இருக்கவும் முடியாது. அது வருஷக்கணக்கில் பார்த்துத் தெரிய வேண்டியது.

ஆனால் மனிதர்கள் வருஷக்கணக்கில் காத்திருப்பதில்லை. அலெக்சாண்டர் டோடோரோவும் அவர் குழுவும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க செனட் தேர்தல்களில் நின்ற இரண்டு பேர் முகத்தை மட்டும் காட்டி, யார் திறமைசாலியாகத் தெரிகிறார் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதப் போட்டிகளில், கேட்டவர்கள் கைகாட்டிய முகமே தேர்தலிலும் ஜெயித்திருந்தது. வேட்பாளர்களை முன்பின் தெரியாதவர்கள் சொன்ன பதில் அது.

எனக்கே சங்கடமான ஓர் ஆய்வும் இருக்கிறது. ஆலிவர் ஹால், மின்ஜே கிம், எஸ்ரா ஸக்கர்மன் சிவன் மூவரும் 2018இல் வெளியிட்டது. ஒரு கல்லூரி மாணவர் தேர்தலைக் கற்பனையாகக் கொடுத்து, வெளிப்படையாகப் பொய் சொல்லி, மரியாதையையும் மீறுகிற ஒரு வேட்பாளரை மதிப்பிடச் சொன்னார்கள். இருக்கிற அமைப்பு நியாயமாக நடக்கிறது என்று நினைக்கும் இடத்தில் அவரை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. அமைப்பே நம்மை ஒதுக்கிவைத்திருக்கிறது என்ற கோபம் இருக்கும் பக்கத்தில், அவர் பொய் சொல்கிறார் என்று தெரிந்தும் ‘இவர்தான் நிஜமான ஆள்’ என்றார்கள். மேலே இருப்பவர்களைப் பகைத்துக்கொள்ளத் துணிந்தவர் என்று எடுத்துக்கொண்டார்கள். ஆக, நிஜமானவராகத் தெரிவதும் உண்மை பேசுவதும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற கட்டாயமில்லை. கண்ணாடியை ஏற்றிக் கை கழுவியவரை விட, முகத்துக்கு நேரே நாலு பொய் சொல்பவர் நம்பகமானவராகத் தெரியக்கூடும். புதுவயல் அக்கா இதை ஒத்துக்கொள்வாரா என்று தெரிந்துகொள்ள ஆசை.

---

புதுவயல் அக்கா:

ஒத்துக்கொள்கிறேன் பாப்பா. அந்த மாதிரி ஆளுக்கு நானே கைதட்டியிருக்கிறேன். ஆனால் எங்கள் பணத்தை அவர் கையில் கொடுத்து வைக்க மாட்டேன்.

---

தேவகோட்டைக் கணக்கு:

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். அக்கா கடைசியாகச் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன், அதில்தான் சரக்கு இருக்கிறது.

இந்தப் பக்கத்து நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் லேவாதேவி செய்த காலத்தில், முதலாளி ஊரிலேயே இருப்பார், கடையை நடத்த ஏஜெண்டை அனுப்புவார். பொதுவாக மூன்று வருஷக் கணக்கு. கடல் தாண்டி லட்சக்கணக்கில் பணம், கண்ணால் பார்க்க வழியில்லை. ஆளை நம்பித்தான் பெட்டியடியில் உட்கார வைத்தார்கள். அந்த நம்பிக்கை முகத்தைப் பார்த்து வந்ததில்லை. பையன் எந்தக் கடையில் வேலை பழகினான், யாரிடம் எப்படி நடந்துகொண்டான் என்று நாலு இடத்தில் விசாரித்திருப்பார்கள். அனுப்பிய பிறகும் ஊருக்குக் கணக்கு வந்துகொண்டே இருக்கும், திரும்பி வந்ததும் பார்ப்பார்கள். நம்பினார்கள், சரிபார்க்கவும் செய்தார்கள். சரிபார்ப்பதை அவமானமாக ஏஜெண்டும் நினைக்கவில்லை.

வேட்பாளருக்கும் அப்படி ஒரு ஏடு இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2002இல் சொல்லி, 2003இல் உறுதிப்படுத்தியதிலிருந்து சட்டமன்ற, நாடாளுமன்ற வேட்பாளர்கள் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். படிவம் 26. எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது என்று 2013இல் இன்னொரு தீர்ப்பு. தேர்தல் ஆணைய இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வடை வீடியோவைப் பகிர்ந்தவர்களில் எத்தனை பேர் அதைத் திறந்திருப்பார்கள்? சென்ற தேர்தலில் போட்டதையும் இந்தத் தேர்தலில் போட்டதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். மாணவி சொன்ன ரெண்டாவது கூறு அங்கே கொஞ்சமாவது கிடைக்கும்.

அடுத்து, எளிமையாக இருந்தால் ஜெயிக்கலாம் என்கிற நினைப்பு. காமராஜரை விட நிஜமான ஆளை எங்கே போய்த் தேடுவது? 1967இல் சொந்த ஊரான விருதுநகரில், மாணவர் தலைவராக இருந்த சீனிவாசனிடம் 1285 வாக்கில் தோற்றார். அரிசித் தட்டுப்பாடு, 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு, ரூபாய்க்குப் படியரிசி என்ற தி.மு.க. வாக்குறுதி, எல்லாம் சேர்ந்து அடித்தது. மந்திரியாக இருந்து சல்லிக்காசு சேர்க்காத கக்கனும் அந்தத் தேர்தலில்தான் மேலூரில் தோற்றார். பிற்பாடு மதுரை அரசு மருத்துவமனையில் சாதாரண நோயாளியாகப் படுத்திருந்தவரை எம்.ஜி.ஆர். போய்ப் பார்த்தார் என்பது எல்லாருக்கும் தெரிந்த கதை. இந்த இரண்டு பேரையும் ஜனம் நம்பாமல் போனதாக நான் நினைக்கவில்லை. ஆளை நம்பினார்கள், ஆட்சியின் மேல் கோபப்பட்டார்கள். காமராஜர் 1969இல் நாகர்கோவில் இடைத்தேர்தலில் நின்று பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தாரே, அதே ஆள்தானே?

கேமராக்காரத் தம்பிக்குப் பிடிக்கும் என்று ஒன்று சொல்கிறேன். காந்தி 1927இல் செட்டிநாட்டுக்கு வந்தார், கதர் நிதி திரட்ட. பணம் கொடுக்கப் போகிறவர்களின் வீடுகளைப் பார்த்துவிட்டு, உள்ளே அடைத்து வைத்திருக்கும் அன்னிய நாட்டு ஆடம்பரச் சாமான்களைப் பற்றி அவர்கள் முகத்துக்கு நேரே பேசினார். இந்த மாளிகைகளை அலங்கரிக்கும் ஒப்பந்தத்தை என்னிடம் கொடுத்தால் பத்தில் ஒரு பங்கு செலவில் முடித்துக் கொடுப்பேன் என்கிற மாதிரி. கையேந்தி வந்த இடத்தில் இப்படிப் பேச எத்தனை பேருக்கு வாய் வரும்? அதே பயணத்தில்தான் சிராவயலுக்குப் போய், அங்கே ஆசிரமம் நடத்திக்கொண்டிருந்த இளைஞர், பிற்பாடு கம்யூனிஸ்ட் தலைவரான ஜீவாவைப் பார்த்தார். தனக்கு நஷ்டம் வரும் இடத்திலும் ஒருத்தர் வாய் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். எனக்குத் தெரிந்த சோதனை அதுதான்.

---

கல்லுக்கட்டி கேமராக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. பள்ளத்தூராரே, அந்த முகப்பு வீடியோ நான் எடுத்ததில்லை. எடுத்திருந்தால் போட்டோக்களையாவது கழற்றி வைத்திருப்பேன்.

தேவகோட்டை ஐயா, காந்தி விஷயத்தில் ஒரு சின்ன மறுப்பு. 1921 செப்டம்பர் 22, மதுரை மேலமாசி வீதி வீட்டில் அவர் அரையாடைக்கு மாறியது ரொம்ப நாள் யோசித்து எடுத்த முடிவு. அந்த உடையைப் பார்த்தால் ஜனம் என்ன நினைக்கும் என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை. மாணவியின் மூன்றாவது கூறுப்படி பார்த்தால் அதில் தற்செயல் ஒன்றுமே கிடையாது, முழுக்கத் திட்டம். ஆனாலும் நாம் யாரும் அதை வேஷம் என்பதில்லை. 1931இல் லண்டனில் அரசரைப் பார்க்கப் போனபோதும் அதே உடை, 1948இல் சுடப்பட்டபோதும் அதே உடை. திட்டம் போட்டதா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. என் வேட்பாளர்களுக்கு ரெண்டாவது சட்டை காரில் இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்.ஜி.ஆர். படமும் அப்படித்தான். 1967 ஜனவரி 12ஆம் தேதி குண்டடி பட்டார். கழுத்தில் கட்டோடு ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருக்கும் படம் போஸ்டராக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் ஜெயித்தார். காயம் நிஜம், கட்டு நிஜம். அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்து அச்சடித்தது ஒருத்தர் மூளை. எங்கள் தொழிலில் இருப்பவனாக அந்த ஆளுக்கு ஒரு கும்பிடு போடுவேன். நிஜத்தைப் படம் பிடிப்பது நடிப்பாகாது, அதே காயத்தை அடுத்த தேர்தலுக்கும் மேக்கப் போட்டுக் காட்டினால்தான் கண்டனூர் கதை.

அக்கா சொன்னதில் எனக்கு ஒன்று புரிந்தது. 2022இல் நான் வீடியோ எடுத்துக் கொடுத்த வார்டில் என் ஆள் தோற்றார். ஜெயித்தவருக்கு வீடியோவே கிடையாது, மேடையில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேச வராது. ஆனால் அந்த வார்டில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் ஃப்ரீசர் பெட்டிக்குப் போன் போடுவது அவர்தான், ராத்திரி ரெண்டு மணியானாலும். அவர் நல்லவரா நடிக்கிறாரா என்று அங்கே யாரும் ஆராய்ச்சி பண்ணவில்லை, பல வருஷமாகப் பார்த்துவிட்டார்கள். வார்டில் சில ஆயிரம் பேர்தான், அவரைப் பற்றிச் சொல்வதற்குத் தெருவுக்கு ஒரு ஆள் இருக்கிறது. காரைக்குடிச் சட்டமன்றத் தொகுதியில் சுமார் மூன்று லட்சம் வாக்காளர்கள். அதில் எத்தனை பேருக்கு டிரைவர் சொன்ன கதை வந்து சேரும்? சேராத இடத்தில்தான் எனக்கு வேலை கிடைக்கிறது. தொகுதி பெரிசாகப் பெரிசாக ஜனம் வடை மாவையும் “ஆத்தீ”யையும் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டியிருக்கிறது.

தொழில் சமாச்சாரம் ஒன்று, சம்பந்தம் இருப்பதால் சொல்கிறேன். நான் எடுக்கும் வீடியோவுக்குப் பில் உண்டு. அது வேட்பாளர் செலவுக் கணக்கில் ஏறும். சட்டமன்றத்துக்கு 40 லட்சம், நாடாளுமன்றத்துக்கு 95 லட்சம் என்று உச்சவரம்பு. டி.வி.யிலோ சமூக ஊடகத்திலோ விளம்பரமாகப் போட வேண்டுமானால் ஊடகச் சான்றுக் குழுவிடம் முன்னாலேயே அனுமதி வாங்க வேண்டும். பையன் போனில் எடுத்த மாவு வீடியோவுக்கு இது எதுவும் கிடையாது. அதனால்தான் இப்போது எல்லாரும் ‘போன்ல எடுத்த மாதிரி’ வேண்டும் என்று கேட்கிறார்கள், சில பேர் ‘போன்லயே எடுத்துக் குடுங்க’ என்கிறார்கள். பில் போட வேண்டாமாம். நான் மாட்டேன் என்றதும் இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போய்விட்டார்கள்.

---

தேவகோட்டைக் கணக்கு:

தம்பி, காந்தி உடை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். பில் விஷயத்தில் உறுதியாக இருங்கள். எம்.ஜி.ஆர். படத்தைப் பொறுத்தவரை, அந்த வருஷம் அவர் இருந்த தி.மு.க. பல இடங்களில் போஸ்டர் இல்லாமலும் ஜெயித்திருக்கும் என்பது என் எண்ணம். அதை இன்னொரு இழையில் சண்டை போட்டுக்கொள்வோம்.

---

செஞ்சை மாணவி:

அண்ணே, ஓர் உதவி. நிஜமாக எண்ணெய் தெறித்த வீடியோ, தண்ணீர் தெளித்தது, நீங்கள் கட் பண்ணிக் கொடுத்தது, இந்த மூன்றையும் வேட்பாளரைத் தெரியாத வேறு மாவட்டத்து ஆட்களிடம் காட்டி, யாரை எவ்வளவு நம்புவீர்கள் என்று கேட்க ஆசை. எது நிஜம் என்று சொல்லாமல் காட்ட வேண்டும். ஊர்க்காரர்கள் கண்டுபிடித்ததை வெளியாட்களும் கண்டுபிடிக்கிறார்களா என்று பார்க்கலாம். என் ஊகம், நிறைய பேரால் முடியாது. கண்டனூரில் சிரித்தவர்கள் முதல் வீடியோவை ஏற்கெனவே பார்த்திருந்தார்கள் இல்லையா?

---

கல்லுக்கட்டி கேமராக்காரன்:

ஆமாம், பார்த்திருந்தார்கள். இதை நான் யோசிக்கவே இல்லை. தண்ணீர் தெளித்ததுதான் முதலில் வந்திருந்தால் அதையும் நம்பியிருப்பார்களோ என்னவோ.

போனில் எடுத்ததை அந்தப் பையனிடம் கேட்டு வாங்கித் தருகிறேன். கண்டனூர் ஃபுட்டேஜும் கட் பண்ணியதும் காசு கொடுத்தவருடைய சொத்து, அவரிடம் கேட்காமல் தர முடியாது. கேட்கிறேன். முகத்தை மறைத்துக் கொடுத்தால் போதுமா? மறைத்தால் நீங்கள் சொன்ன 70 சதவீத முக விஷயமும் குறுக்கே வராது, ஆனால் “ஆத்தீ” என்னும்போது வாய் போகிற போக்கும் தெரியாது. எது முக்கியம் என்று உங்கள் பேராசிரியரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.